லட்சத்தீவில் கடலடிச் சுற்றுலா: வாய்ப்பும் வரம்பும்

அரபிக் கடலில், கேரளக் கடற்கரைக்கு 220 முதல் 440 கிலோ மீட்டர் தொலைவில் லட்சத்தீவுக் கூட்டம் அமைந்துள்ளது. நமது நாட்டின் யூனியன் பிரதேசங்களுள் மிகச் சிறியது இதுவே. 1956ஆம் ஆண்டில் யூனியன் பிரதேசமாக அமைக்கப்பட்ட இத்தீவுகள், 1973ஆம் ஆண்டில் லட்சத்தீவு என்னும் பெயரைப் பெற்றன. 36 தீவுகளைக் கொண்டதாகக் கணக்கிடப்பட்ட இக்கூட்டத்தில் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே. மொத்த நிலப்பரப்பு சுமார் 32 சதுர கிலோ மீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 64,473 பேர். ஆனால் தீவுகளைச் சூழ்ந்துள்ள காயல்களின் பரப்போ சுமார் 4,200 சதுர கிலோ மீட்டர். அதாவது, நிலத்தைப் போல் ஏறத்தாழ 130 மடங்கு. இத்தீவு மக்களின் செல்வம் எங்கே உள்ளது என்பதை இந்த ஒரு கணக்கே புலப்படுத்தும்.

தென்னையும் சூரை மீனும் நெடுங்காலமாக இம்மக்களுக்கு வாழ்வளித்து வந்துள்ளன. இவற்றோடு மூன்றாவது தொழிலாகச் சுற்றுலா வளர்ந்து வருகிறது. 1988ஆம் ஆண்டில் அகத்தித் தீவில் விமான தளம் அமைந்ததும், கொச்சியிலிருந்து பயணிகள் கப்பல்கள் செல்வதும் இதற்குத் துணை செய்தன. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் இங்கு வந்து சென்றதைத் தொடர்ந்து, நாடெங்கும் இத்தீவுகளின்பால் ஆர்வம் பெருகியது. வருவோரில் பலரை ஈர்ப்பது, மூச்சுக் கருவி அணிந்து கடலடியில் பவளப் பாறைகளைக் காணும் முக்குளிப்பு ஆகும். இதனை ‘ஸ்கூபா’ என வழங்குவர்.

வருபவருக்குப் பவளப் பாறை ஒரு காட்சி. தீவில் வாழ்பவருக்கோ அது காலடி நிலம், அலைக்கு அணை, மீனுக்கு இருப்பிடம். ஒன்றே இருவருக்கும் பயன்பட வேண்டுமாயின் அத்தொழிலுக்கு வரம்பு எது என்பது ஆராயத்தக்க வினாவாகும். முக்குளிப்பில் கழியும் ஒரு நாள் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்து கொண்டால், இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதாகும்.

தீவு உருவான விதம்

பவளம் என்பது கல்லைப் போல் தோன்றினும் உயிரினமே. மிகச் சிறிய உடலும், வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் உடைய பவள உயிரிகள், கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கு ஒரு கூட்டை அமைத்துக் கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கூட்டின்மேல் கூடு வளர்ந்து பாறையாகிறது. கிளைவிட்டு வளரும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டி மீட்டர் அளவுக்கும் வளரக் கூடும். உருண்டைப் பாறைகளாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டி மீட்டர் அளவே வளரும். ஆளுயரப் பவளப் பாறை ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் விளைவு எனலாம்.

லட்சத்தீவின் தீவுகளில் பெரும்பாலானவை ‘அட்டால்’ எனப்படும் பவள வளையங்களின்மேல் அமைந்தவை. இவ்வளையங்கள் தோன்றும் விதத்தை 1842ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் விளக்கினார். கடலில் எழுந்த எரிமலைத் தீவு ஒன்றின் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்து கொண்டேயிருக்கிறது. முடிவில் மலை மறைந்து, பவள வளையமும் அதன் நடுவே ஆழமற்ற காயலும் எஞ்சுகின்றன. 1952ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலின் எனிவெடாக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்பிற்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வினின் கொள்கை இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்வளையத்தின்மேல் பவளத் துகள்கள் மணலாகக் குவிந்ததே தீவு. கிளி மீன்கள் பாறையைக் கொறித்து, சுண்ணாம்பை நுண் மணலாகக் கழிக்கின்றன. தீவுக் கரையில் காணும் வெண்மணலில் ஒரு பகுதி இம்மீன்களின் கொடையே. இங்கு மலையோ ஆறோ இல்லை. நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திற்கு ஓரிரு மீட்டர் உயரத்திலேயே உள்ளது. ஆழ்கடலின் அலைகள் தீவின்மீது மோதாமல் தடுப்பது பவள வளையமே. பவளப் பாறைகள் அலைகளின் ஆற்றலில் சராசரியாக 97 சதவிகிதத்தைத் தணித்து விடுகின்றன என்பது உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவாகும்.

மூச்சுக் கருவி

கடலில் மூழ்கிப் பொருள் எடுப்பது நமது நாட்டிற்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் காலில் கல்லைக் கட்டி இறங்கினர். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு மூச்சு நிற்கும் நேரமே அவர்களது வேலை நேரம். அந்த நேரத்தை நீட்டித் தந்தது 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உருவான கருவியாகும். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் இணைந்து இதனை அமைத்தனர்.

இதன் உறுப்புகள் எளியவை. 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. இது தூய ஆக்சிஜன் அன்று. நாம் சுவாசிக்கும் அதே காற்றே. உருளையில் பொருத்தப்பட்ட சீராக்கி, முக்குளிப்பவர் மூச்சை இழுக்கும் போது மட்டும், அவர் இருக்கும் ஆழத்தின் நீரழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. கூஸ்தோவும் காஞ்ஞானும் அமைத்த கருவியின் சிறப்பு இதுவே. இவற்றோடு முகக் கண்ணாடி, காலில் அணியும் துடுப்பு, இடுப்பில் ஈய எடைப் பட்டை, காற்றை நிரப்பவும் வெளியேற்றவும் வசதியுள்ள மிதப்புச் சட்டை, அழுத்தமானி ஆகியவையும் சேரும்.

உருளையில் காற்றை அடைக்கும் இயந்திரத்தைப் பேணுவதில் மிகுந்த கவனம் தேவை. எஞ்சின் புகை உறிஞ்சு குழாயில் கலந்து விட்டால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உருளைக்குள் சென்று விடும். மேற்பரப்பில் சிறிதளவாகத் தோன்றும் நச்சு, ஆழத்தில் அழுத்தம் பெருகுவதால் பன்மடங்கு தீங்கு செய்யும். ஆகவே வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றுவதும், உருளைகளை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும் பயிற்சி நிலையங்களின் இன்றியமையாத கடமைகளாகும்.

காலையில் பயிற்சி

கடமத் தீவு ஏறத்தாழ 9 கிலோ மீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் சுமார் அரைக் கிலோ மீட்டர் அகலமும் உடையது. தீவின் மேற்கே அமைதியான காயல் விரிந்து கிடக்கிறது. நீர் விளையாட்டுகளுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தீவுகளுள் இதுவும் ஒன்று. அக்டோபர் முதல் மே மாத நடுப்பகுதி வரையுள்ள காலமே முக்குளிப்பிற்கு ஏற்றது. தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும்.

நாள் உடல்நிலை விசாரணையுடன் தொடங்குகிறது. இதய நோய், ஆஸ்துமா, காதுக் கோளாறு, வலிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி நீரில் இறங்குதல் கூடாது. சளி பிடித்திருந்தாலும் அன்றைய முக்குளிப்பைத் தவிர்க்க வேண்டும். காதிற்கும் மூக்கிற்கும் இடையேயுள்ள நுண் குழல் அடைபட்டிருந்தால், செவிப்பறையின் இருபுறமும் அழுத்தத்தைச் சமன் செய்ய இயலாது.

அடுத்து, மார்பளவு நீரில் பயிற்சி. வாயால் மட்டுமே சுவாசித்தல், முகக் கண்ணாடியில் புகுந்த நீரை மூக்கின் வழியே காற்றை ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய குழலை மீண்டும் பற்றுதல், மூக்கைப் பிடித்துக் கொண்டு மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. நீருக்கடியில் பேச இயலாது. ஆதலால் கைச் சைகையே மொழியாகிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்ந்தால் ‘நலம்’ என்று பொருள். கட்டை விரல் மட்டும் மேல்நோக்கினால் ‘மேலே செல்வோம்’ என்று பொருள். நிலத்தில் பாராட்டைக் குறிக்கும் சைகை இங்கு வேறு பொருள் தருவதால், புதியவர்கள் இதனை முதலிலேயே மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

பயிற்சியின் தலையாய விதி ஒன்று உண்டு. எந்நிலையிலும் மூச்சை அடக்கிக் கொள்ளக் கூடாது என்பதே அது. பள்ளியில் கற்கும் பாயில் விதி இதற்குக் காரணம். கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய ஒருவர், மூச்சை அடக்கியவாறே மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து போகும். சீராக மூச்சு விட்டுக் கொண்டிருப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை.

பவளச் சரிவில்

முற்பகலில் படகு காயலைக் கடந்து, பவள வளையத்தின் இடைவெளி வழியே வெளிப்புறம் செல்கிறது. அங்கே பவளச் சரிவு செங்குத்தாக இறங்குகிறது. முதன்முறை இறங்குவோரைப் பயிற்றுநர் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு 18 மீட்டர் வரை இடமுண்டு.

நீரில் இறங்கியதும் புலன்கள் புதிய கணக்கைக் கற்க வேண்டியுள்ளது. ஒளி விலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியவையாகத் தோன்றுகின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் வருவதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. நிறங்களும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. முதலில் சிவப்பு மங்குகிறது. பின்னர் ஆரஞ்சும் மஞ்சளும் மங்குகின்றன. ஆழத்தில் ஒருவருக்குக் கையில் கீறல் பட்டால் குருதி பச்சை கலந்த கருமையாகத் தெரியும். கைவிளக்கை ஏற்றியவுடன் பாறையின் செம்மையும் ஊதாவும் மீண்டும் வெளிப்படும்.

கடற்சாமந்தியின் நச்சுக் கொம்புகளிடையே அஞ்சாது வாழும் கோமாளி மீன், இணையாகத் திரியும் வண்ணத்துப்பூச்சி மீன்கள், பாறையைக் கொறிக்கும் கிளி மீன்கள், மணலில் பதுங்கும் திருக்கை, மேலே நீந்திச் செல்லும் பச்சை ஆமை ஆகியவை இச்சரிவில் வழக்கமாகக் காணத்தக்கவை. கிளி மீன் பாறையைக் கடிக்கும் ஓசை நீரில் தெளிவாகக் கேட்கும்.

இங்கு முக்குளிப்பவரின் திறமை ஒன்றில்தான் அடங்கியுள்ளது. மேலே எழாமலும் கீழே அமிழாமலும் நீரில் நிற்பதே அத்திறமை. ஈய எடையையும் மிதப்புச் சட்டையின் காற்றையும் சரிவர அமைத்துக் கொண்டவர், மூச்சின் ஏற்ற இறக்கத்தாலேயே ஓரடி உயரவும் ஓரடி தாழவும் வல்லவராகிறார். இத்திறமை இல்லாதவர் கையைக் காலை வீசுகிறார். காற்றை விரைவில் செலவழிக்கிறார். அவரது கால் துடுப்பு பட்டுக் கிளைப் பவளம் முறிகிறது. கிளறிய மணல் பவள உயிரிகளின்மீது படிந்து அவற்றை மூடுகிறது. தடுமாறுபவர் பற்றிக் கொள்ள நாடுவதும் பவளத்தையே. மனிதக் கை பட்டால் அதனை மூடியுள்ள மெல்லிய கோழைப் படலம் சிதைகிறது. ஆகவே முக்குளிப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கும் அதே திறமைதான் பவளத்திற்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பயிற்சியைச் சுருக்கி ஆள் எண்ணிக்கையைப் பெருக்கும் நிலையம், இரண்டிற்கும் ஒருசேரத் தீங்கு செய்கிறது.

காற்றின் கணக்கு

உருளையின் கொள்ளளவு 12 லிட்டர். அழுத்தம் 200 மடங்கு. ஆகவே அதிலுள்ள காற்று 2,400 லிட்டர். நெருக்கடிக்கென 50 மடங்கு அழுத்தம், அதாவது 600 லிட்டர் ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சியது 1,800 லிட்டர். கடல் மட்டத்தில் ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொண்டால், இது 90 நிமிடங்களுக்குப் போதும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் 45 நிமிடங்களே நிற்கும். இருபது மீட்டரில் 30 நிமிடங்கள். பதற்றமுற்று வேகமாக மூச்சு வாங்குபவருக்கு இந்த நேரமும் கிட்டாது.

இரத்தத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடும் போது இது இரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் கரைந்தது மூச்சோடு வெளியேறி விடும். விரைந்து வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப் போல், உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை இதனால் நேரலாம். 1908ஆம் ஆண்டில் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், படிப்படியாக நின்று மேலே வருவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். இன்றைய முக்குளிப்புக் கணிப்பான்களின் அடிப்படை அதுவே. இக்காரணத்தால், மேலே வரும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நிற்பது வழக்கம்.

பிற்பகலில் இரண்டாம் முக்குளிப்பு உண்டெனில், அது முதலாவதைவிட ஆழம் குறைந்ததாக அமைக்கப்படுகிறது. ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானத்தில் பறத்தல் கூடாது. குமிழி நோய் கண்டவருக்கு அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். தீவிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் செல்ல 14 முதல் 18 மணி நேரம் ஆகும். ஆகவே இத்தகைய இடங்களில், நோய் வாராமல் காப்பதே முதன்மையான மருத்துவமாகும்.

வெளுக்கும் பவளம்

சரிவில் இறங்குவோர் வண்ணப் பவளத்துடன், சாம்பல் நிறமான முறிந்த கிளைகளின் குவியல்களையும் காண்கின்றனர். இவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் கடலின் வெப்பமே. பவள உயிரியின் திசுவினுள் நுண் பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, தமக்கு இடமளித்த உயிரிக்குப் பகிர்ந்தளிக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளுடையதே. கடல் நீரின் வெப்பம் வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பும். தணியாவிடில் பவளம் பட்டினியால் இறக்கும்.

லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பவளம் வெளுத்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கடல் வெப்ப அலையின் விளைவாக, 2024ஆம் ஆண்டில் மீண்டும் கடுமையாக வெளுத்ததை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய தீவுகளில் 1998 முதல் 24 ஆண்டுகள் நடந்த ஆய்வு, உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து விட்டதைக் காட்டியது. ஒரு பேரிழப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே மீண்டு வளரப் போதிய ஆண்டுகள் கிடைக்கவில்லை என்பதே இதிலுள்ள துயரம்.

பங்காரம் வளையத்தைச் சேர்ந்த பரளி என்னும் மக்களற்ற சிறு தீவுகளுள் ஒன்று, அரிப்பினால் முற்றிலும் மறைந்து விட்டதை 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக் காட்டியது. உயிருள்ள பவளம் அழிந்த வளையம் வளர்வதில்லை; வளராத வளையம் கரைகிறது. கடல் மட்டம் உயர்ந்து வரும் காலத்தில் இது மக்கள் வாழும் தீவுகளுக்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கை ஆகும்.

கடல் வெப்பமடைவதை ஒரு தீவின் நிருவாகம் தடுக்க இயலாது. ஆனால் வெப்பத்தால் நலிந்த பவளம் மீண்டு எழுவதற்குத் தூய நீரும், பாசியை மேயும் மீன்களும், மனிதரால் முறிபடாத அமைதியும் தேவை. இவை மூன்றும் நிருவாகத்தின் கைக்குள் உள்ளவை. சுற்றுலாவின் வரம்பு இங்குதான் வகுக்கப்பட வேண்டும்.

சூரை மீனும் சுற்றுலாவும்

லட்சத்தீவின் மீன்பிடி முறை உலகின் சிறந்த முறைகளுள் ஒன்று. படகில் வரிசையாக நிற்கும் மீனவர்கள், தூண்டிற் கழியால் வரிச்சூரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்கின்றனர். வலை விரிப்பதில்லை என்பதால் வேண்டாத உயிரினங்கள் அகப்படுவது அரிது. மினிக்காய் தீவின் இந்தத் தொன்மையான முறை பின்னர் பிற தீவுகளுக்கும் பரப்பப்பட்டது. பிடித்த சூரையை வேக வைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசியாகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாசிக் கருவாட்டின் சுவையை அறியாதார் குறைவு.

இம்முறைக்கு உயிருள்ள இரை மீன்கள் தேவை. அச்சிறு மீன்கள் பிடிக்கப்படுவது காயலில். அவற்றில் பல வகைகள் கிளைப் பவளங்களிடையே ஒளிந்து வாழ்பவை. கிளைப் பவளம் அழிந்தால் இரை இல்லை. இரை இல்லையேல் சூரை இல்லை. வெளுத்துப் போன பவளத்தின் இழப்பு, மீனவரின் அடுப்படி வரை வந்து சேர்கிறது.

சுற்றுலாவால் எழும் மற்றொரு நெருக்கடியும் உண்டு. விடுதி உணவிற்கெனப் பவளப் பாறை மீன்களைப் பிடிக்கும் வழக்கம் பெருகினால், பாசியை மேயும் மீன்கள் குறையும். பாசி மண்டிய பாறையில் இளம் பவளம் வேரூன்றாது. முற்பகலில் நீருக்கடியில் கண்டு வியந்த கிளி மீனை இரவில் உணவாகக் கேட்கும் விருந்தினர், மறுமுறை வந்தால் காண்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆழ்கடல் சூரையை விருந்தினரின் உணவாக்குவது தீவுக்கும் மீனவருக்கும் நலம் பயக்கும்.

குடிநீரின் அளவு

மழை நீர் மணலில் இறங்கி, கீழுள்ள உவர் நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே இத்தீவுகளின் கிணற்று நீர். மிகுதியாக இறைத்தால் உவர் நீர் மேலேறி விடும். கழிவு நீர் மணலில் கசிந்தால் இதே படலத்தையும் காயலையும் மாசுபடுத்தும். அக்கசிவு பாசிக்கு உரமாகிப் பவளத்திற்குக் கேடு செய்யும்.

இக்குறையைப் போக்கச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஒரு சிறந்த வழி கண்டது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல் நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீர் பெறுவதே அம்முறை. கரைக்கு அருகிலேயே கடல் ஆழமாகி விடுவது இதற்கு வசதியாயிற்று. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் முதல் நிலையம் 2005ஆம் ஆண்டில் கவரத்தியில் அமைந்தது. மினிக்காயிலும் அகத்தியிலும் 2011ஆம் ஆண்டில் இத்தகைய நிலையங்கள் நிறுவப்பட்டன. தீவு மக்களுக்கென அரிதின் முயன்று பெற்ற இந்நீரில், விடுதிகளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பது படுக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன்னரே கணக்கிடப்பட வேண்டியதாகும்.

வரம்பு வகுத்தல்

முக்குளிப்பு இடம் ஒன்று எத்தனை பேரைத் தாங்கும்? செங்கடல் போன்ற பகுதிகளில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், ஓர் இடத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் நடந்தால் சேதம் விரைந்து பெருகுவதைக் கண்டனர். லட்சத்தீவில் பருவம் சுமார் 225 நாட்கள். 5,000 என்னும் எண்ணை இதற்குப் பகிர்ந்தால், ஓர் இடத்தில் நாளொன்றுக்கு 22 முக்குளிப்புகள். வெப்பத்தால் ஏற்கெனவே நலிந்த பவளத்திற்கு இதைவிடக் குறைந்த எண்ணே பொருந்தும். பிற நாட்டின் அளவை அப்படியே கொள்ளாமல், ஒவ்வோர் இடத்தையும் ஆண்டுதோறும் அளந்து எண்ணிக்கையைத் திருத்துவதே முறையாகும்.

வரம்பை மீறிய பின் திருத்துவது எத்துணைக் கடினம் என்பதற்குத் தாய்லாந்து நாட்டின் மாயா விரிகுடா சான்று. பயணிகள் பெருக்கத்தால் பவளம் சிதைந்ததை அடுத்து, 2018ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில், ஆள் எண்ணிக்கைக்கும் படகுகளுக்கும் கடும் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்விரிகுடாவின் வருவாய் நின்று போயிற்று.

நமது நாட்டில் இதற்கான சட்ட அடிப்படை உள்ளது. தீவுகளுக்குள் நுழைவதற்கு 1967ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். பாறையமைக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. எனவே உடைந்த துண்டு ஒன்றை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வதும் குற்றமே. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி இரவீந்திரன் குழு, ஒவ்வொரு தீவின் தாங்கு திறனையும் கருத்திற் கொண்டு வளர்ச்சிப் பணிகளை வகுக்குமாறு பரிந்துரைத்தது.

செய்யத்தக்க பணிகளும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நங்கூரம் பாய்ச்சுவதற்குப் பதிலாக, நிலையான மிதவைகளில் படகைக் கட்டலாம். ஒரு நங்கூரம் ஒரு நொடியில் நூறாண்டுப் பவளத்தை நொறுக்கி விடும். நீரில் நிற்கும் திறமை கைவரப் பெறாதவரை மணற்பாங்கான இடங்களிலேயே நிறுத்தலாம். கடல் வெப்பம் உயர்ந்து பவளம் வெளுத்திருக்கும் வாரங்களில் முக்குளிப்பை நிறுத்தி வைக்கலாம். வழிகாட்டிகளாகத் தீவு இளைஞர்களையே பயிற்றுவித்தால் வருவாய் தீவிலேயே தங்கும்; நாள்தோறும் ஒரே பாறையைக் காணும் அவர்களே அதன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கண்காணிப்பாளர்களும் ஆவர். விடுதிகள் தமது கழிவு நீரைத் தாமே தூய்மை செய்த பின்னரே அனுமதி புதுப்பிக்கப்படலாம்.

முக்குளிப்பவர் நீரில் இறங்கும் போதே தம்மிடமுள்ள காற்றின் அளவை அறிந்திருக்கிறார். அழுத்தமானியை அடிக்கடி பார்க்கிறார். உருளை காலியாகும் வரை அவர் காத்திருப்பதில்லை. ஒதுக்கீட்டு அளவு வந்ததுமே மேலே திரும்புகிறார். கடலடிச் சுற்றுலாவை நடத்துவோரும் அதனை மேற்பார்வையிடும் அலுவலர்களும் பவளத்தின் நிலையை இவ்வாறே அளந்து, உரிய நேரத்தில் நிறுத்தக் கற்றுக் கொள்ள வேண்டும். 32 சதுர கிலோ மீட்டர் நிலமும் அதன் மக்களும் அந்தப் பாறையின்மேல்தான் நிலைத்துள்ளனர்.